குவில்ட் பிளாக் தைக்கக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவில்ட் தைப்பது என் பொழுதுபோக்கு. துணித் துண்டுகளை இணைத்த மேல்பகுதி, நடுவில் பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வைதான் குவில்ட். சமீபத்தில் தைத்தவற்றைப் பார்த்தவர்கள் கேட்டதையும், புதிதாகத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அளவெல்லாம் இன்ச்சில்தான். குவில்ட் மாதிரிகள் பெரும்பாலும் இன்ச்சில் வருகின்றன. நடுவில் சென்டிமீட்டருக்கு மாற்றினால் சின்னச் சின்னப் பின்னங்கள் சேர்ந்து அளவு தவறிவிடும்.

இப்போது என்னென்ன தைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. மடியில் போட்டுக்கொள்ளும் அளவில், லாக் கேபின் என்ற மாதிரியில் ஒரு குவில்ட். அதன் மேல்பகுதி முடிந்து, அடுக்கித் தைக்கக் காத்திருக்கிறது. வளைவுத் தையல் பழகுவதற்காக ஆரம்பித்த, ட்ரங்கர்ட்ஸ் பாத் என்ற மாதிரியின் பிளாக்குகள், ஒரு குழந்தைக் குவில்ட்டாக வளர்ந்துகொண்டிருக்கின்றன. மூன்றாவது கைவேலை: காகிதத்தின் மேல் துணி மடித்துத் தைக்கும் அறுகோணங்கள். அதற்கு அவசரமே இல்லை. இவை போக, ஒவ்வொரு பிளாக்கும் வேறாக இருக்கும் சாம்ப்ளர் குவில்ட் ஒன்றை அண்மையில் முடித்தேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதில் கற்றதுதான்.

பிளாக் என்பது என்ன?

துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு கட்டம். அப்படிப் பல கட்டங்களைச் சேர்த்தால் குவில்ட்டின் மேல்பகுதி. “12 இன்ச் பிளாக்” என்றால் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்த பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவு 12. தனியாகக் கையில் இருக்கும்போது அது 12½ இருக்க வேண்டும், சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குள் போகும். இந்த இரண்டு அளவையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் எந்த மாதிரியையும் படித்துவிடலாம்.

ஆயிரக்கணக்கில் பிளாக்குகள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பிளாக் பிளாக்காகக் கற்க வேண்டாம். பிளாக்குக்குள் இருக்கும் சின்ன அலகுகளைக் கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன்.

பழைய மாதிரிகளில் எதை எடுத்துப் பிரித்தாலும் உள்ளே இருப்பவை ஒரு கைவிரலில் அடங்கும்: சதுரம், பட்டை, அரைச்சதுர முக்கோணம் (இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம்), கால்சதுர முக்கோணம் (நான்கு முக்கோணம் சேர்ந்த சதுரம்), ஃப்ளையிங் கீஸ் (பெரிய முக்கோணத்தின் இருபுறமும் சின்ன முக்கோணம் சேர்ந்த செவ்வகம்). அப்புறம் வளைவும், மூன்று தையல்கள் கூடும் ஒய்-தையலும். சர்ன் டாஷ் என்ற பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் அரைச்சதுர முக்கோணம், நான்கு பக்கமும் இரட்டைப் பட்டை, நடுவில் ஒரு சதுரம், அவ்வளவுதான். ஒஹாயோ ஸ்டார் என்பது ஒன்பது கட்டம். அதில் நான்கு கால்சதுர முக்கோணம், ஐந்து வெறும் சதுரம். அரைச்சதுர முக்கோணம் ஒன்றை மட்டும் சுத்தமாகத் தைக்க வந்துவிட்டால் பல டஜன் பிளாக்குகள் தாமாகவே வந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதுப் பிளாக்கும் முதலிலிருந்து தொடங்கும் போராட்டம்தான்.

அதனால் நான் போகும் வரிசை இது: முதலில் நைன் பேட்ச் (மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம்), அதில் நேர்த்தையல் பழகும். பிறகு அரைச்சதுர முக்கோணம். பிறகு ஃப்ளையிங் கீஸ். மற்றதெல்லாம் அதற்கு மேல்.

கால் இன்ச் தையலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சட்டை, பாவாடை தைக்கும்போது இப்படிப் பார்ப்பதில்லையே?

உடையில் தையல்கள் குறைவு, உடம்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். குவில்ட்டில் அப்படி இல்லை. ஒரு வரிசையில் எட்டுத் துண்டுகள் என்றால் ஏழு தையல். ஒவ்வொரு தையலும் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாக விழுந்தால், இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து தையலுக்கு அரைக்கால் இன்ச் போய்விடும். ஏழு தையலில் ⅞ இன்ச். பக்கத்து வரிசையில் நான்கே துண்டுகள் இருந்தால் அது மூன்று தையலுக்கு மட்டும்தான் குறையும். பிறகு அந்த இரண்டு வரிசையும் எப்படிச் சேரும்?

இன்னொன்றும் உண்டு. தைத்த துணியை மடித்துத் தேய்க்கும்போது, மடிப்பின் கனமும் நூலின் கனமும் துளி இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அதனால் கால் இன்ச்சுக்கு ஒரு நூலிழை உள்ளே தைப்பதுதான் சரியாக வரும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: 1½ இன்ச் அகலப் பட்டைகள் மூன்றை வெட்டி, நீளவாக்கில் இணைத்துத் தைத்து, தேய்த்து அளந்து பாருங்கள். மொத்தம் 3½ இருக்க வேண்டும், நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலமாகப் போகிறது, கூடினால் ஒடுங்குகிறது. ஊசி நிற்கும் இடத்தைச் சற்று நகர்த்தியோ, மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி வழிகாட்டி வைத்தோ சரிசெய்துகொண்டு மறுபடி சோதியுங்கள். நூல் மாற்றினாலும் சோதியுங்கள்; கனமான நூல் இந்தக் கணக்கை மாற்றிவிடும். 50 எண் பருத்தி நூல் மெல்லியது, பிளாக் இணைக்க அதுவே எனக்குப் பிடித்தது.

அரைச்சதுர முக்கோணம் தைக்கச் சரியான முறை எது?

நேராக முக்கோணமாக வெட்டித் தைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாய்வாக வெட்டிய விளிம்பு கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வரும், தொட்டாலே இழுபடும். சதுரமாக வைத்துத் தைத்துவிட்டு, பிறகு வெட்டுவதுதான் பாதுகாப்பு.

இரண்டு நிறத்தில் ஒவ்வொரு சதுரம். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு அலகு கிடைக்கும். சதுரத்தின் அளவு, முடிந்த அளவோடு ⅞ கூட்டியது. 3 இன்ச் வேண்டுமென்றால் 3⅞. நான் முழு இன்ச் கூட்டி 4 இன்ச்சாக வெட்டி, தைத்துத் தேய்த்த பிறகு 3½-க்குச் செதுக்கிவிடுகிறேன். செதுக்கும்போது ரூலரின் 45 பாகைக் கோடு தையலின் மேல் படிய வேண்டும். கொஞ்சம் துணி வீணாகும்தான். ஆனால் எல்லா அலகும் அச்சாக ஒரே அளவில் இருக்கும்போது பிறகு வரும் நிம்மதிக்கு அந்த ஓரத்துணி ஈடாகும்.

நிறைய வேண்டுமென்றால் எட்டாகத் தைக்கும் முறை இருக்கிறது. பெரிய சதுரத்தில் இரண்டு மூலைவிட்டமும் போட்டு, இரண்டு கோட்டுக்கும் இருபுறம் தைத்து, நடுவில் குறுக்காகவும் நெடுக்காகவும் வெட்டி, பிறகு மூலைவிட்டங்களில் வெட்ட வேண்டும். 3 இன்ச் அலகுக்கு 7¾ சதுரம். செதுக்க இடம் வேண்டுமானால் 8.

சதுரத்தைச் சுற்றிலும் தைத்து மூலைவிட்டமாக நான்காக வெட்டும் முறையையும் பலர் சொல்வார்கள். வேகமானது, ஆனால் கிடைக்கும் அலகின் நான்கு வெளி ஓரமும் கிராஸில் வரும். துணிக்கு முன்பே மொறமொறவெனக் கஞ்சி போட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஃப்ளையிங் கீஸ் முனை ஒவ்வொரு முறையும் வெட்டுப்பட்டுப் போகிறதே?

தைத்து முடித்த அலகில், முக்கோணத்தின் முனைக்கு மேலே கால் இன்ச் துணி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கால் இன்ச்சை, விளிம்பைச் சமப்படுத்துகிறேன் என்று செதுக்கிவிட்டால் முனை தையலுக்குள் போய்விடும். பெரும்பாலும் தைப்பதில் குறையே இருக்காது, இந்தச் செதுக்கல்தான் காரணம். அடுத்த துண்டோடு இணைக்கும்போது, பின்பக்கத்தில் இரண்டு தையலும் குறுக்கிட்டு எக்ஸ் மாதிரி தெரியும் இடத்தைப் பார்த்தபடி தையுங்கள். ஊசி அந்தக் குறுக்குப் புள்ளிக்கு ஒரு நூலிழை வெளியே போனால் முனை கூராக நிற்கும்.

செய்முறையில் நான் பயன்படுத்துவது துணி வீணாகாமல் நான்கு நான்காகத் தைக்கும் வழி. முடிந்த அளவு 2×4 என்றால், 5¼ சதுரம் ஒன்று, 2⅞ சதுரம் நான்கு. பெரியதன் எதிரெதிர் மூலையில் இரண்டு சின்னதை வைத்து, மூலைவிட்டக் கோட்டுக்கு இருபுறம் தைத்து, வெட்டித் தேய்த்தால் இதய வடிவில் இரண்டு கிடைக்கும். ஒவ்வொன்றின் மீதி மூலையிலும் ஒரு சின்னச் சதுரம் வைத்து அதே மாதிரி தைத்து வெட்டுங்கள். நான்கு கீஸ், ஒவ்வொன்றும் 2½×4½.

இதில் எனக்குப் பிடித்த விஷயம்: சாடூத் ஸ்டார் பிளாக்குக்கு வேண்டியதும் சரியாக நான்கு கீஸ்தான். நடுவில் 4½ சதுரம், மூலைகளில் 2½ சதுரம் நான்கு. ஒரு சுற்று வேலையில் 8 இன்ச் நட்சத்திரம் முழுதாக வந்துவிடும்.

தையலை ஒரு பக்கமாக மடித்துத் தேய்ப்பதா, பிரித்து விரித்துத் தேய்ப்பதா?

இரண்டும் சரிதான். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் எதிரெதிர்ப் பக்கம் மடித்தால், இணைக்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். குண்டூசி இல்லாமலே மூலைகள் சேரும். நைன் பேட்ச்சுக்கு இதைவிட நல்லது இல்லை. எட்டு முனைகள் ஒரே இடத்தில் கூடும் பிளாக்கில் மட்டும் கனம் குறைய வேண்டி விரித்துத் தேய்க்கிறேன்.

எப்படித் தேய்த்தாலும், இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். வைத்து, அழுத்தி, தூக்குங்கள். இழுத்தால் துணி வளையும்.

லாக் கேபின் எளிது என்கிறார்கள். ஆனால் என்னுடையது கோணலாக வருகிறது.

நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் லாக் கேபின். கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பட்டையை நீளமாக விட்டுத் தைத்துவிட்டு, பிறகு மிஞ்சியதை வெட்டுவது. தைக்கும்போது பட்டை நீண்டுகொடுக்கும், அந்த நீட்சி பிளாக்குக்குள் போய்விடும். பட்டைகளை முன்கூட்டியே சரியான நீளத்துக்கு வெட்டிவைத்தால் அவை பிளாக்கைச் சதுரமாகப் பிடித்துவைக்கும்.

நான் தைத்த அளவு: நடுவில் 2½ சதுரம், பட்டை அகலம் 1½. முதல் சுற்றின் நீளங்கள் 2½, 3½, 3½, 4½. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றுக்கும் 2 கூட்ட வேண்டும். மூன்று சுற்று முடிந்தால் 8½, அதாவது முடிந்த அளவு 8.

இந்தப் பிளாக்கின் உயிர் நிறத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர். அதனால் பிளாக் மூலைவிட்டமாக இரண்டாகப் பிரிந்து தெரியும். தைத்து முடித்தபின் ஒவ்வொரு பிளாக்கையும் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு வகையில் அடுக்கினால் சாய்வான உழவுச்சால்கள். இன்னொரு வகையில் நடுவிலிருந்து விரியும் வைர வடிவங்கள். அதே பிளாக்குகள், முழுக்க வேறு குவில்ட். தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் இனிய வேலை அதுதான்.

வெளிர், அடர் என்று எப்படித் தீர்மானிப்பது? கண்ணுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரிகிறது.

துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நேரில் சண்டைபோடுவது போலத் தெரியும், படத்தில் ஒரே சாம்பலாகக் கரைந்துவிடும். அப்படிக் கரைந்தால் நட்சத்திரமும் தெரியாது, முக்கோணமும் தெரியாது.

துணியை முதலில் துவைக்க வேண்டுமா?

அடர் சிவப்பு, அடர் நீலம் இருந்தால் கட்டாயம். மற்றபடி ஒன்று எல்லாவற்றையும் துவையுங்கள், இல்லையென்றால் எதையும் துவைக்காதீர்கள். பாதி சுருங்கியதும் பாதி சுருங்காததும் ஒரே குவில்ட்டில் சேரக் கூடாது. முன்பே சின்னச் சதுரமாக வெட்டி விற்கும் துண்டுகளைத் துவைத்தால் ஓரம் பிரிந்து அளவு போய்விடும்.

வளைவுத் தையல் பயமாக இருக்கிறது. எப்படிப் பழகுவது?

ட்ரங்கர்ட்ஸ் பாத் பிளாக்கில் இரண்டே துண்டு: கால் வட்டம் ஒன்று, அது உட்காரும் குழிவான துண்டு ஒன்று. இரண்டையும் பாதியாக மடித்து நடுப்புள்ளியை நகத்தால் அழுத்திக் குறியுங்கள். நடுவில் ஒரு குண்டூசி, இரு நுனியில் ஒவ்வொன்று. குழிவான துண்டு மேலே இருக்கட்டும். கையால் அதை மெல்ல விலக்கி விலக்கி விளிம்போடு விளிம்பு சேர்த்துக்கொண்டே போகலாம். கால் வட்டம் மேலே இருந்தால் அடியில் சுருக்கம் விழுந்தாலும் தெரியாது.

மெதுவாக, சில தையலுக்கு ஒரு முறை நிறுத்தி, ஊசியைத் துணிக்குள்ளேயே வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். பெரிய வளைவுக்கு விளிம்பில் வெட்டுக்கள் போடத் தேவையில்லை. சின்ன வளைவுக்கு மட்டும் குழிவான விளிம்பில் பொடி வெட்டுக்கள், தையல் கோட்டைத் தொடாமல். துண்டுகளைக் கொஞ்சம் பெரிதாக வெட்டித் தைத்துவிட்டுச் சதுரமாகச் செதுக்கினால் மனசுக்குப் பாரமே இருக்காது. குழந்தைக் குவில்ட் முழுவதையும் அப்படித்தான் செய்கிறேன்.

மாதிரி அச்சடித்த காகிதத்தின் மேல் மெஷினில் தைக்கும் முறையில் எனக்கு எல்லாம் தலைகீழாகவே வருகிறது.

வரும். அச்சடித்த பக்கத்தைப் பார்த்துத் தைக்கிறோம், துணி மறுபக்கம் இருக்கிறது; அதனால் முடிந்த பிளாக் அச்சின் கண்ணாடிப் பிம்பம்தான். எழுத்தோ பறவையோ தைத்தால் இதை முதலிலேயே நினைவில் வையுங்கள்.

முதல் துண்டின் நல்ல பக்கம் காகிதத்துக்கு வெளியே பார்க்க வேண்டும். இரண்டாவதை அதன் மேல், நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேர வைத்து, காகிதத்தைத் திருப்பிக் கோட்டின் மேல் தையுங்கள். அடுத்த துண்டு வைப்பதற்கு முன், அடுத்த கோட்டில் காகிதத்தை மடித்து, வெளியே நிற்கும் துணியைக் கால் இன்ச் விட்டுச் செதுக்கிவிட்டால், அடுத்ததை எங்கே வைப்பது என்று அந்த ஓரமே காட்டிவிடும். தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், ஊசி 90/14: காகிதம் தபால்தலை மாதிரி சுலபமாகக் கிழிந்து வரும். அச்சடிக்கும்போது 100 சதவீத அளவு என்று தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இருக்கும் 1 இன்ச் சோதனைக் கட்டத்தை ரூலரால் அளந்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்துப் பிளாக்கோடு இணைத்த பிறகே காகிதத்தை எடுப்பது நல்லது.

கூரான முனைகள் நிறைய இருக்கும் மாதிரிக்கு இந்த முறைக்கு இணை இல்லை. துணி அதிகம் வீணாகும் என்பது உண்மை.

கையால் தைக்கும் அறுகோணம்?

இதில் அளவு சொல்வது பக்க நீளத்தை. 1 இன்ச் அறுகோணம் என்றால் ஒரு பக்கம் 1 இன்ச். முனைக்கு முனை 2 இன்ச் இருக்கும். அறுகோணமாக வெட்டிய காகித வார்ப்பின் மேல் துணியை மடித்துப் பெரிய ஓட்டுத்தையலால் பிடித்துவைத்து, பிறகு இரண்டின் ஓரங்களைப் பொடியாகச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி துணியின் இழைகளை மட்டும் எடுக்கட்டும், காகிதத்தைக் குத்த வேண்டாம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று பூ விரியும். ஆறு பக்கமும் பக்கத்து அறுகோணத்தோடு தைத்து முடிந்தவற்றின் காகிதத்தை மட்டும் உருவி, மறுபடி பயன்படுத்தலாம்.

மெஷினில் அறுகோணம் தைத்தால் எல்லா மூலையும் ஒய்-தையல். அதற்கு ஒரே விதி: மூலைக்குக் கால் இன்ச் முன்னால் புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து புள்ளி வரை மட்டும் தைப்பது. விளிம்பு வரை ஓட்டிவிட்டால் மூன்றாவது துண்டு உட்காராது.

ஒரே பிளாக்குக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

சர்ன் டாஷையே மங்கி ரெஞ்ச் என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் மாதிரிகள் வீட்டுக்கு வீடு கைமாறின, பிறகு செய்தித்தாள்களில் வந்தன. கான்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை குவில்ட் மாதிரிகளை வெளியிட்டது. போன இடமெல்லாம் பெயர் மாறியது. அதனால் பெயரைவிட அலகைப் பார்த்து அடையாளம் காண்பது நல்லது.

என்னென்ன கருவி கட்டாயம்?

நேர்த்தையல் ஒழுங்காகப் போடும் எந்த மெஷினும் போதும். ரோட்டரி கட்டர் (சக்கரம் மாதிரி உருளும் பிளேடு), வெட்டும்போது அடியில் வைக்கும் மேட், கட்டம் போட்ட தெளிவான ரூலர். ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவருவதற்கு முன் இதையெல்லாம் வார்ப்பு வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள்; மழுங்கிய பிளேடை அழுத்தும்போதுதான் கை வழுக்கும். வெட்டி முடித்ததும் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடுங்கள்.

பிளாக்குகளைச் சாய்த்து, வைர வடிவில் அடுக்க வேண்டும். ஓரத்து முக்கோணம் எவ்வளவு?

பிளாக்கின் முடிந்த அளவை 1.414-ஆல் பெருக்கி 1¼ கூட்டுங்கள். அந்த அளவுச் சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டினால் பக்கங்களுக்கான முக்கோணம் நான்கு கிடைக்கும். மூலைக்கு, அளவை 1.414-ஆல் வகுத்து ⅞ கூட்டி, ஒரே மூலைவிட்டத்தில் வெட்டுங்கள். 12 இன்ச் பிளாக்குக்கு முறையே 18¼, 9⅜. வெட்டும் விதத்தை மாற்றிவிடாதீர்கள்: இப்படி வெட்டினால்தான் குவில்ட்டின் வெளி விளிம்பு நேர் இழையில் வரும், அலை அலையாகத் தொங்காது.

மேல்பகுதி முடிந்தது. அடுத்து?

அடித்துணியும், நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்கும் நான்கு பக்கமும் சில இன்ச் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியை இறுக்கமில்லாமல் சுருக்கமும் இல்லாமல் டேப்பால் ஒட்டி, மேலே பேட்டிங், அதன் மேல் மேல்பகுதி. வளைந்த சேஃப்டி பின்களால் ஒரு உள்ளங்கை இடைவெளியில் பிடித்துவையுங்கள். எவ்வளவு இடைவெளியில் தைக்க வேண்டும் என்பது பேட்டிங் உறையிலேயே இருக்கும், அதை மீறினால் துவைக்கும்போது பஞ்சு நகரும். நேர்கோட்டுத் தையலுக்கு வாக்கிங் ஃபுட் போடுங்கள். மூன்று அடுக்கையும் சேர்த்து ஒரே வேகத்தில் நகர்த்தும். சுருள் சுருளாகத் தைக்க வேண்டுமென்றால் துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டுக் கையால் நகர்த்த வேண்டும். அதைத் தனியாக ஒரு சின்னத் துண்டில் பழகிவிட்டுக் குவில்ட்டில் தொடங்குங்கள்.

ஓரம் கட்ட 2½ இன்ச் பட்டைகள், நீளவாக்கில் இரண்டாக மடித்தது. மூலைக்குக் கால் இன்ச் முன்னால் நிறுத்தி, பட்டையை மேலே மடித்து, மறுபடி கீழே மடித்துத் தொடங்கினால் மூலை கூராக விழும்.

பழகுவதற்காகத் தைத்த ஒற்றைப் பிளாக்குகளை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர, சிறியதைச் சுற்றி ஒரே நிறத்தில் பட்டை சேர்த்து, பெரிதாகவே விட்டுப் பிறகு செதுக்குங்கள். 12½-க்கு வந்துவிட்டால் இடையில் 2 இன்ச் பட்டை வைத்துக் கோத்துவிடலாம். சாம்ப்ளர் குவில்ட் அப்படித்தான் உருவாகிறது. என்னுடையதில் முதல் நைன் பேட்ச்சும் கடைசியாகக் காகிதத்தின் மேல் தைத்த நட்சத்திரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன்.